படகறைக் குளிரூட்டியின் நாற்றமும் அதை நீக்கும் வழிகளும்

கண்டி வாவியில் ஓடும் சிறு படகுகளுக்குக் குளிரூட்டி தேவைப்படுவதில்லை. ஆயினும் கண்டியிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய அயலிடங்களிலும் குளிரூட்டல் தொழிலைப் பயிலும் இளைஞர், சுற்றுலா வான்களிலும் விடுதி அறைகளிலும் கைபழகிய பின்னர் காலி, மிரிஸ்ஸ, திருகோணமலை போன்ற கரையோரங்களுக்குச் சென்று மூடிய அறை கொண்ட படகுகளில் வேலை பார்க்க நேர்கையில், குளிர் போதவில்லை என்னும் முறைப்பாட்டுக்குச் சற்றும் குறையாமல் அவர்கள் காதில் விழுவது, உள்ளே நாறுகிறது என்னும் முறைப்பாடே. அதற்கு எந்த வழியைத் தெரிவுசெய்வது என்பதில்தான் பயிலுநர் பலர் பிழைவிடுகின்றனர். கைத்தொலைபேசிக் காணொளியில் பார்த்த கருவியே உயர்ந்தது என்று நம்புவோர் ஒரு சாரார். மகனுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் மறுமாதமே அவன் சொந்தக்காலில் நின்றுவிடுவான் என்று எண்ணி நகையை அடகு வைத்தேனும் பணம் புரட்டும் பெற்றோரின் பேச்சுக்கு மறுப்புச் சொல்ல இயலாதோர் இன்னொரு சாரார். இவ்வழிகாட்டி அவர்களையும், அவர்களை நம்பிப் படகை ஒப்படைக்கும் உரிமையாளரையும் மனத்திற்கொண்டது.

வில்லிஸ் கரியர் 1902ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த குளிரூட்டியின் நோக்கம் ஆட்களைக் குளிர்விப்பதன்று. காகிதம் சுருங்கி விரியாதபடி காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே. அன்று தொட்டு இன்றுவரை குளிரூட்டி என்பது ஈரம் பிழியும் இயந்திரமுமாகும் என்பதை மறந்தவர்க்கு நாற்றத்தின் காரணம் விளங்காது. 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 வீதச் சாரீரப்பதனும் கொண்ட காற்று ஏறத்தாழ 21 பாகைக்குக் குளிர்ந்தவுடனேயே நீரை விடத் தொடங்குகிறது. இவ்வெல்லை பனிபடுநிலை எனப்படும். அறைக்காற்று உரசிச் செல்லும் குளிர்க்குழாய்த் தொகுதியாகிய ஆவியாக்கியின் மேற்பரப்போ அதனினும் பல பாகை குளிர்ந்தது. ஆகவே அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளில் நீர் இடைவிடாது அரும்பி வழிய, அந்த ஈரத்தில் தூசியும் தோற்செதிலும் சமையல் நெய்ப்படலமும் ஒட்டிக்கொள்ள, அவற்றை உண்டு பற்றீரியாவும் பங்கசும் வழவழப்பான படலமாகப் படிகின்றன. மழைநாளில் காயாத காலுறையின் நாற்றம் எனப் பலரும் வருணிப்பது இந்தப் படலம் வெளிவிடும் ஆவியையே. தென்மேல் பருவமழையில் வாரக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, எசல பெரஹராவுக்கு ஆட்கள் வரும் வாரத்தில் திடீரெனத் திறக்கப்படும் கண்டி விடுதியறையும், பருவம் முடிந்து கரையில் கட்டி வைத்த படகும் இவ்வகையில் ஒன்றே.

படகு சில சிக்கல்களைக் கூட்டுகிறது. படகுக் குளிரூட்டி பெரும்பாலும் படுக்கைக்கு அடியிலோ அலுமாரிக்குள்ளோ ஒடுங்கிய இடத்தில் பொருத்தப்படுவதால், அது உள்ளிழுக்கும் காற்று அறைக்காற்று மட்டுமன்று. படகின் அடிவயிற்றில் நீர் தேங்கும் குழியாகிய பில்ஜின் காற்றும் பலகை இடுக்குகளினூடாக அதனுள் இழுபடுகிறது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருப்பதனால், அந்நீர் ஒட்சிசனின்றித் தேங்கும்போது சிலவகைப் பற்றீரியாக்கள் அச்சல்பேற்றிலிருந்து கூழ்முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குகின்றன. விக்டோரியா நீர்த்தேக்கம் போன்ற நன்னீரில் சல்பேற்று மிகக் குறைவாதலால், மலைநாட்டில் தொழில் பழகிய மூக்குக்கு இந்நாற்றம் புதிது. புதியது என்பதனாலேயே அதைக் குளிரூட்டியின் குற்றமென்று எண்ணி இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கும் பயிலுநர் உண்டு.

ஆதலால் வழியைத் தெரிவதற்கு முன் நாற்றத்தைத் தெரிய வேண்டும். இயக்கிய முதற் சில நிமிடங்களில் வீசிப் பின் தணியும் புழுக்க நாற்றம் ஆவியாக்கியைச் சுட்டும். இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் தொடரும் கூழ்முட்டை நாற்றம் பில்ஜையோ கழிவுநீர்க் குழாயையோ சுட்டும். மீன் கருகியது போன்றோ பிளாஸ்ரிக் தீய்ந்தது போன்றோ மணந்தால் அது மின்கம்பியின் சூடு; அங்கே சுத்திகரிப்பு என்ற பேச்சுக்கே இடமின்றி மின்னை உடனே துண்டிக்க வேண்டும். இயந்திரத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும் கடல்நீர்ச் சுற்று அறைக்காற்றைத் தொடுவதேயில்லை என்பதால், அதனுள் அமிலம் ஓட்டிச் சிப்பியும் உப்பும் அகற்றுவது குளிரைக் கூட்டுமேயன்றி, கசிவு இருந்தாலன்றி, நாற்றத்தைக் குறைக்காது.

காற்றுவடியைக் கழுவுவதும் அறையைத் திறந்து காற்றாட விடுவதும் எவரும் அறிந்தவை. வாசனைத் திரவியம் ஒரு வழியே அன்று. 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள புறவூதா விளக்கு, ஒளி படும் மேற்பரப்பில் படலம் மீண்டும் வளராமல் தடுப்பது உண்மை. ஆயினும் படுக்கைக்கு அடியிலுள்ள சிறு பெட்டியில் அதற்கு இடமும் குறைவு, ஒளியின் வழியிலுள்ள பிளாஸ்ரிக்கும் காலப்போக்கில் நொறுங்கும், கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு என்பதால் மூடியைத் திறந்தவுடன் அணையும் ஏற்பாடும் வேண்டும்.

இவை அனைத்தையும் விட இன்று புகழ் பெற்றிருப்பது ஓசோன் இயந்திரம். ஒட்சிசன் அணுக்கள் மூன்று சேர்ந்த வாயுவாகிய ஓசோன், தொட்ட பொருளை ஒட்சியேற்றிச் சிதைக்கும் வேகம் உடையது. அவ்வேகமே அதன் விளம்பரம். கதவைச் சாத்தி, இயந்திரத்தை வைத்து, ஒரு மணித்தியாலம் வெளியே தேநீர் குடித்துவிட்டு வந்து பணம் வாங்கலாம் என்பதனால் இளைஞரை அது ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் எட்டு மணித்தியால வேலைநாளுக்கு அனுமதிக்கும் ஓசோனின் அளவு காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.1 பங்கு. 15 கன மீற்றர் கொள்ளும் படகறை ஒன்றில் அது ஏறத்தாழ 3 மில்லிகிராம் மாத்திரமே. மணிக்கு 10 கிராம் ஓசோன் உண்டாக்கும் இயந்திரம் அந்த 3 மில்லிகிராமை ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் வெளிவிட்டுவிடுகிறது; எஞ்சிய ஐம்பத்தொன்பது நிமிடமும் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பணம் செலுத்துபவர் சிந்திக்க வேண்டும். மனிதர் இருக்கத்தக்க அளவில் வைத்தால் ஓசோன் நாற்றத்தையும் கிருமியையும் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பதே அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் முடிபு. ஓசோனை 0.05 பங்குக்கு மேல் வெளிவிடும் அறைக்காற்றுச் சுத்திகரிப்பான்களின் விற்பனையைக் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல் தடைசெய்ததும் நோக்கத்தக்கது.

ஆளில்லா நேரத்தில்தானே இயக்குகிறோம் என்பது வழமையான மறுமொழி. அதை ஏற்றுக்கொண்டாலும் படலம் அங்கேயே இருக்கிறது. ஓசோன் அதன் மேற்தோலைச் சுடுமேயன்றி அடியிலுள்ள அழுக்கையும் ஆவியாக்கியின் கீழுள்ள நீர்த்தட்டில் தேங்கிய நீரையும் அகற்றுவதில்லையாதலால், உணவும் ஈரமும் எஞ்சியிருக்கும் இடத்தில் அடுத்த வளர்ச்சி சில நாளிலோ சில வாரத்திலோ தொடங்கிவிடுகிறது. முதல்நாள் கிடைக்கும் புத்துணர்ச்சியில் ஒரு பகுதி ஓசோனின் சொந்தக் காரமணம் பழைய நாற்றத்தை மூடியதனால் வந்ததாகவும் இருக்கலாம். இயற்கை இறப்பரின் மூலக்கூற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் வெட்டுவதால், இழுபட்டிருக்கும் இறப்பர் குறுக்கே வெடிக்கும் என்பதை இறப்பர் விளையும் நாட்டார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. படகிலோ யன்னல் நாடா, குழாய், திண்டு எனத் தொட்ட இடமெல்லாம் இறப்பர். போதாக்குறைக்கு, அறையில் முன்னரே தெளித்த எலுமிச்சை வாசனையின் லிமொனீன் ஓசோனுடன் தாக்கமுற்று, கண்ணை எரிக்கும் போமல்டிகைட்டைத் தோற்றுவிக்கிறது. தீப்பிடித்த அறையின் புகை நாற்றம், மரத்தில் ஊறிய சுருட்டு நாற்றம் ஆகியவற்றுக்கு, மூலத்தை அகற்றிய பின் கடைசி முயற்சியாக ஓசோனுக்கு ஓர் இடம் உண்டு. ஈரத்தில் பிறந்த நாற்றத்துக்கு அது மருந்தன்று. அதற்காக ஒரு குடும்பம் கடன்படுவது தகாது.

ஆவியாக்கியைக் கையால் கழுவுவதே முதல்வழி. மின்னை நிறுத்தி, காற்றுவாய்ச் சட்டத்தைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் ஆவியாக்கியின் முன்புறத்தை மட்டுமன்றி, அழுக்கு ஒளிந்திருக்கும் பின்புறத்தையும் விசிறிச் சக்கரத்தின் குழிவிளிம்பையும் பார்க்க வேண்டும். உலர் தூசியைத் தூரிகையால் தகடுகளின் நெடுக்கே, குறுக்கே அன்று, இழுத்தெடுத்த பின், அலுமினியத்துக்கு ஏற்றதெனக் குறிப்பிடப்பட்ட நடுநிலை நுரைக்கரைசலைப் பூசி, போத்தலில் சொல்லப்பட்ட நேரம் ஊறவிட்டு, மெல்லிய நீரோட்டத்தால் அலச வேண்டும்; வான் கழுவும் உயரழுத்தக் குழலைத் திருப்பினால் தகடுகள் மடங்கிக் காற்று அடைபடும். குளோரின் வெளிற்றி அலுமினியத்தை அரிக்கும். வீட்டு வினாகிரி தீங்கற்றது எனக் கருதப்படினும், அதன் அசற்றிக் அமிலம் ஈரத்தோடு செம்புக்குழாயில் தங்கினால் எறும்புப் புற்றுப் போன்ற நுண்துளைகள் விழுந்து வாயு கசியக்கூடும் என்பதனால், அதைத் தட்டோடும் வடிகுழாயோடும் நிறுத்திக்கொள்வது நன்று.

அடுத்து நீர்த்தட்டு. ஒரு கோப்பை நீரை அதில் ஊற்றி, அது எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பதை விடச் சிறந்த சோதனை இல்லை. பட்டறையில் தட்டு மட்டமாக இருந்தாலும், எரிபொருள் நிரம்பிப் பின்பாரம் கூடிய படகில் நீர் எதிர்மூலையில் குளமாக நிற்கக் காணலாம். வடிகுழாயைப் பில்ஜிலோ எந்திர அறையிலோ முடிக்கக் கூடாது. நாற்றத்தோடு எந்திரப் புகையின் காபனோரொட்சைட்டும் அக்குழாய் வழியே உறங்குவோர் அறைக்கு ஏறலாம் என்பதால் படகுக் குளிரூட்டி உற்பத்தியாளரின் கையேடுகளே இதை எச்சரிக்கின்றன.

இவ்வேலைக்குக் குனிந்தும் படுத்தும் பாதி நாள் செலவாகும், காணொளிக்கு ஏற்ற காட்சியும் கிடைக்காது. எனினும் இத்தொழிலில் நிலைத்தவர்களை உற்று நோக்கினால், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழின் மட்டத்தை விட, மோப்பமும் பொறுமையும் அவர்களை ஆக்கியிருப்பது தெரியும். கருவியைக் கையிலெடுக்குமுன் பத்து நிமிடம் சும்மா இருந்து முகரத் தெரிந்த மாணவனுக்கு இத்துறை இயல்பாக வரும். அழுக்கில் கைவைக்க அருவருப்பவனை, அப்பாவின் ஆசைக்காக இதில் நிறுத்தி வைப்பதைக் காட்டிலும் அவனுக்குப் பொருந்திய கணினியிடமோ கணக்கேட்டிடமோ அனுப்புவது அவனுக்கும் படகுக்காரனுக்கும் நன்மை. எத்துறையிலும் விரைவில் வரும் வருமானத்தைப் பார்த்துத் தெரிவுசெய்தவர், அவ்வருமானம் மங்கியதும் அடுத்த துறைக்குத் தாவுவதைக் காண்கிறோம்.

கழுவி, வடித்து, பில்ஜையும் உலர்த்திய பின்னும் நாற்றம் நின்றால், குளிரூட்டியை விட்டுவிட்டுக் கழிவறைக் குழாய்களை நாட வேண்டும். நெகிழ்குழாயின் சுவரினூடாகவே நாற்றம் ஊறி வெளிவரக்கூடும் ஆதலால், துணியொன்றைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து குழாயின் ஒரு பகுதியில் சுற்றி, ஆறவிட்டு, துணியை வெளிக்காற்றுக்கு எடுத்துச் சென்று முகர்ந்து பார்ப்பது வழக்கம். துணி மணந்தால் எந்தக் கழுவலும் பயனில்லை. அக்குழாயை வெட்டி அகற்றிப் புதியது பூட்ட வேண்டும்.