திரையைப் பார்க்குமுன் காலைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பயிற்சியை முடித்துக்கொண்டு தென்காசிக்கே திரும்பி, கணினி வழிகாட்டலுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை தொடங்கப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்துவிட்டது. மூட்டு வலிக்காக மதுரைக்கு பஸ் ஏறும் நம் ஊர்க்காரர்களுக்கு நீ வேண்டும்.

இந்த வழிகாட்டும் கருவி எதற்காக வந்தது என்பதை மறந்துவிடாதே. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்குப் போடும் கோடு முழங்காலின் மையத்தை ஒட்டிப் போக வேண்டும். 3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது என்பது நாம் படித்த கணக்கு. பழைய முறையில் தொடை எலும்புக்குள் கம்பியை விட்டுக் கோணம் பிடிப்போம். எலும்பே வளைந்திருந்தால் கம்பி ஏமாற்றிவிடும். 1997-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் டொமினிக் சரகாக்லியாவின் குழு கணினி வழிகாட்டலில் முழங்கால் மூட்டை மாற்றியது. நம் நாட்டில் அதை வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் மும்பையின் அருண் முல்லாஜி. வில்லாய் வளைந்த கால்களோடு வந்தவர்களிடம்தான் அவர் இந்த வித்தையைத் தீட்டினார். கௌதம் ஷெட்டியுடன் சேர்ந்து 2014-இல் அவர் வெளியிட்ட நூல், மூட்டு மாற்றில் கோணலைத் திருத்துவதைப் பற்றியதுதான். தேடிப் படி.

ஆனால் தம்பி, தொடையிலும் கீழ்க்காலிலும் நீ உலோகப் பின் அடித்துப் பொருத்தும் குறிகளை மட்டுமே கருவியின் கேமரா பார்க்கிறது. காலைச் சுழற்றி நீ காட்டுவதே அதற்கு இடுப்பு மையம். நீ தொட்டுக் காட்டுவதே கணுக்கால். அந்தப் பின் லேசாகத் தளர்ந்தாலும், திரை அதே உறுதியோடு தப்பான எண்ணைச் சொல்லும். எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் முன், கோணம் எவ்வளவு என்று நீயே வாய்விட்டுச் சொல். பிறகு திரையைப் பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் ரம்பத்தைக் கீழே வை, குறிகளைச் சரிபார். இப்படிப் பழகினால் கண் கூர்மையாகும். கருவி நின்றுபோகும் நாளிலும் கை தடுமாறாது.

அறுவைக்கு முன்பே கேட்க வேண்டியவை நிறைய உண்டு. கடையத்திலிருந்தோ ஆலங்குளத்திலிருந்தோ பீடி சுற்றும் ஆச்சி ஒருத்தி வருவாள். மடியில் தட்டோடு சம்மணமிட்டு உட்கார்ந்தே ஆயுசைக் கழித்தவள். புது மூட்டோடு தரையில் அப்படி உட்கார வேண்டாம் என்போம். அப்படியானால் அவள் கூலி? நாற்காலியும் உயரமான பலகையும் போட்டுச் சுற்ற முடியுமா என்று மகளையும் கூப்பிட்டுப் பேசு. "சாரலுக்குக் குத்தாலத்துல குளிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பாள். காயம் முழுக்க ஆறட்டும், வழுக்குப் பாறையில் தனியாகக் கால் வைக்க வேண்டாம், கைப்பிடிக் கம்பியை விட வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்.

கம்ப்யூட்டர் என்ற பெயரைச் சொல்லி ஆள் பிடிக்காதே. ஆஸ்திரேலிய மூட்டு மாற்றுப் பதிவேட்டை ஆராய்ந்து 2015-இல் வந்த கட்டுரை, 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இம்முறையில் மறு அறுவை குறைந்ததாகக் காட்டியது. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டையும் நோயாளியிடம் சொல்.

அறுவைக்குப் பிறகும் நோயாளியை விட்டுவிடாதே. இடுப்பு மூட்டு மாற்று அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்ளான் கிண்ணம் பொருத்தினார். ஆரம்பத்தில் பலன் நன்றாகவே தெரிந்தது. சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்துபோயின. நோயாளிகளைக் கைவிடாமல் கவனித்து வந்ததால்தான் பிழை அவருக்குப் புலப்பட்டது. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்று மருத்துவம் நிற்பது அந்த நேர்மையின் மேல்தான்.

நீயும் முதல் நாளிலிருந்தே நோட்டு போடு. திரை காட்டிய கோணம், பின்னர் எடுத்த எக்ஸ்ரே காட்டிய கோணம், மாடிப்படி ஏற முடிகிறதா, வேலைக்குத் திரும்பினாரா என எல்லாவற்றையும் எழுது. வராதவர்களுக்குப் போன் போடு. செங்கோட்டையிலோ பாவூர்சத்திரத்திலோ இருந்தால் நேரில் போய் நடக்கச் சொல்லிப் பார். சரியாக அமையாத கால்களை முதல் பக்கத்தில் எழுது. உன்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாடத்தைத் தொடங்கு.

அன்புடன்,
உன் மூத்த சகா