புறப்படுமுன் போட வேண்டிய ஊசி

பயணம் என்றதும் நாம் எவற்றை ஆயத்தம் செய்கிறோம்? கடவுச்சீட்டு, பெட்டி, வழியில் சாப்பிடப் பொதிச்சோறு, கோயிலில் ஒரு மெழுகுதிரி. எல்லாம் தேவைதான். ஆனால் போகிற இடத்தின் நோய்களுக்கு உடலை ஆயத்தம் செய்வது பற்றி நாம் நினைப்பது குறைவு. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

கலஹாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனுடன் என்னிடம் வந்தார். மகனுக்குக் கென்யாவில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்திருந்தது. விமானம் ஏற நான்கு நாட்களே இருந்தன. மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி போடவேண்டும் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. “பாதர், ஏஜென்ட் ஐயா பழைய திகதி போட்டுப் புத்தகம் எடுத்துத் தருவாராம். கொஞ்சம் காசு கேட்கிறார். குடுக்கட்டுமா?” என்று தாய் கேட்டார்.

கொடுக்க வேண்டாம் என்றேன். புத்தகத்தைப் பார்த்து அதிகாரி ஏமாறலாம். நுளம்பு புத்தகம் வாசிக்காது. தம்பி அந்த வாரமே ஊசி போட்டுக்கொண்டு, பயணத் திகதியைப் பின்போட்டான். பயணச்சீட்டு மாற்றிய செலவுக்குத் தாயின் தோடு அடகுக்குப் போனது. என் சொல்லால் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஒரு மாதம் முன்பே அவர்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்தத் தோடு காதிலேயே இருந்திருக்கும். இதை எழுதுவதற்குக் காரணம் அதுவே.

ஏன் நான்கு நாள் போதாது? நீங்கள் விவசாயிகள், உங்களுக்கு விளக்குவது எளிது. இன்று நாற்றுமேடையில் விதைத்ததை நாளை பிடுங்கி நட முடியுமா? தடுப்பூசியும் அப்படித்தான். ஊசி மருந்து தானே நோயுடன் போராடுவதில்லை. அது நோய்க் கிருமியின் வலுவிழந்த வடிவத்தையோ அதன் ஒரு பகுதியையோ உடலுக்குக் காட்டுகிறது. உடல் அதை இனங்கண்டு, எதிர்க்கும் சக்தியைத் தானே உண்டாக்கிக் கொள்ளவேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும். மஞ்சட் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் பத்து நாட்களின் பின்னரே செல்லுபடியாவது இதனால்தான். ஒருமுறை போட்டால் போதும். 2016 ஜூலை தொடக்கம் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதற்கும் செல்லும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதைப் போடுகிறார்கள். கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாதவர்கள், நீண்டகால நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

மஞ்சட் காய்ச்சல் ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள நோய். அதைக் குணப்படுத்தும் தனி மருந்து இல்லை. நோய் முற்றியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறக்கிறார்கள். இலங்கையில் இந்நோய் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே தாராளமாக உண்டு; டெங்கு பரப்புகிற அதே நுளம்புதான். ஆகவே அந்நாடுகளிலிருந்து வருவோரிடம் எமது நாடும் சான்றிதழ் கேட்கிறது. போகிறவரை மட்டுமல்ல, அவர் திரும்பி வரும் ஊரையும் காக்கிற ஊசி இது. எமது அயலிலுள்ள முஸ்லிம் சகோதரர்கள் ஹஜ் யாத்திரைக்கு முன் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவதும் இதைப் போன்றதே. அதையும் பத்து நாட்களுக்குக் குறையாமல் முன்னதாகப் போடவேண்டும். இந்த ஒழுங்கை அவர்களிடம் நாம் கேட்டுப் படிக்கலாம்.

மலையக மக்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1867இல் எமக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே எம் முன்னோர் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அந்த வழியெங்கும் அவர்களைப் புதைத்தன. பின்னர் இராமேசுவரத்துக்கு அருகில் மண்டபம் முகாம் ஏற்பட்டது. தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்திய பின்பே கப்பலேற்றப்பட்டனர். அன்பினால் அல்ல, நோயாளியால் கொழுந்து பறிக்க முடியாது என்ற கணக்கினால். ஆயினும் அந்தக் குத்து உயிர்களைக் காத்தது. பெரியம்மை உலகிலேயே ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வீட்டில் வயதானவர்களின் புயத்தில் அந்தத் தழும்பு இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி மலேரியா. இதற்குப் பயணிகளுக்கென்று தடுப்பூசி கிடையாது. மாத்திரையும் நுளம்பு வலையுமே வழி. உயர்ந்த மலைகளில் வாழ்ந்த எமக்கு இக்காய்ச்சல் பழக்கமில்லை. பழக்கமில்லாத உடலை அது கடுமையாகத் தாக்கும். 1934-35இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகியபோது நுளம்பு பெருகி, இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மலேரியா வழக்கமாக இருந்த வறண்ட பகுதிகளைவிட, அதை அதிகம் அறியாத கேகாலை, குருணாகல் பக்கமே பெரிதும் அழிந்தது. 1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள். காணியைப் பற்றிச் சொல்லுமுன் நடுக்கற் காய்ச்சலைப் பற்றிச் சொல்வார்கள்.

இன்று நிலைமை மாறிவிட்டது. உள்ளூரில் மலேரியா தொற்றுவது 2012இல் நின்றது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. வவுனியாவிலோ மடுத் திருவிழாவிலோ இப்போது அந்தப் பயமில்லை. ஆனால் இந்தியாவில் மலேரியா உண்டு, ஆபிரிக்காவில் மிக உண்டு. 2018இல் மொனராகலைப் பக்கம், வெளிநாட்டிலிருந்து காய்ச்சலுடன் வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியது. 2016 இறுதியில் மன்னாரில் புதிய வகை மலேரியா நுளம்பும் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்று நீரில் பெருகுவது. ஒரு பயணி போதும், பழைய கதை திரும்ப.

எனவே வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். மாவட்டங்களிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. எந்த நாடு, எத்தனை நாள் என்று சொன்னால் மாத்திரை தேவையா, எது தேவை என்று பார்த்து இலவசமாகத் தருவார்கள். சில மாத்திரைகளைப் பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே தொடங்கவேண்டும். அவற்றுட் பலவற்றைத் திரும்பிய பின்னும் நான்கு வாரம் விழுங்கவேண்டும். “ஊருக்கு வந்துவிட்டேனே” என்று பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். திரும்பிச் சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், “நான் இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன்” என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் டெங்கு என்றோ சாதாரண காய்ச்சல் என்றோ நாள் கடந்துவிடும்.

விரும்பிப் புறப்படுகிறவருக்கு ஒரு மாதம் கிடைக்கும். இடம்பெயர்கிறவருக்கு ஒரு மணித்தியாலம்கூடக் கிடைப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் யார் பதிவேட்டைத் தேடியிருப்பார்கள்? பிள்ளையின் ஊசிகள் குறிக்கப்பட்ட சுகாதாரப் பதிவேடு மண்ணோடு போயிருந்தால், முன்பு ஊசி போட்ட கிளினிக்கின் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்; அங்குள்ள பதிவிலிருந்து எடுத்துத் தரமுடியும். எங்கும் பதிவு இல்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொதுவாக, போட்ட ஊசியை மறுபடி போடுவதைவிடப் போடாமல் விடுவதே ஆபத்து. வயல் பக்கம் குடியேறுகிறவர்கள் பன்னிரண்டாம் மாதத்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போடப்பட்டதா என்று விசேடமாகப் பாருங்கள். அது வயல்நீரில் பெருகும் நுளம்பினால் பரவுவது. மண்வெட்டி பிடிக்கும் பெரியவர்கள் தமது ஏற்பூசியைக் கடைசியாக எப்போது போட்டோம் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளின் பதிவேடுகளையும், வெளிநாடு போக இருப்பவர்கள் வீட்டிலிருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். பதிவேடு இல்லாதவர்கள் பிள்ளை பிறந்த திகதியையும் ஊசி போட்ட கிளினிக்கின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி வந்தால் போதும்.