கற்பனை நாடும் நிஜ உலகமும்

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவல் 1985இல் வெளிவந்தது. அதில் வரும் கிலியட் என்ற கற்பனை நாட்டில் பெண்கள் வேலையையும் வங்கிக் கணக்கையும் இழக்கிறார்கள். அவர்கள் வாசிப்பதே குற்றமாகிறது. பிள்ளை பெறுவதை அரசு தீர்மானிக்கிறது.

மனித வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் இந்நாவலில் சேர்க்கவில்லை என்கிறார் அட்வுட். ருமேனியாவில் 1966 முதல் 1989 வரை பெரும்பாலான பெண்களுக்குக் கருக்கலைப்பு தடைசெய்யப்பட்டிருந்தது. ஸ்பெயினில் 1975 வரை மணமான பெண் வங்கிக் கணக்கு தொடங்கக் கணவரின் அனுமதி வேண்டும். நாவல் வந்து 36 ஆண்டுகளுக்குப் பின், 2021இல், ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவியர் படிக்கத் தடை வந்தது.

மேல்நிலை வகுப்பில் இந்நாவலைப் பேசும்போது கதைச் சுருக்கத்தோடு நிறுத்த வேண்டாம். கரும்பலகையை இரண்டாகப் பிரிப்போம். இடப்பக்கம் கதையில் பறிபோன உரிமைகள். வலப்பக்கம் அவை நிஜத்தில் பறிபோன நாடும் ஆண்டும். மாணவர்களே தேடி எழுதட்டும்.

பிறகு ஒரு கேள்வி. எல்லாம் பறிபோன நாளில், தான் பார்த்துக்கொள்வதாகக் கதைநாயகிக்கு அவள் கணவன் ஆறுதல் சொல்கிறான். அது அன்பா, உரிமைக்கு ஈடாகுமா? மாணவர்கள், குறிப்பாக மாணவர்களில் ஆண்பிள்ளைகள், என்ன சொல்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்போம். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.