பயன்படாத கூலண்ட் வாயை அடைத்தல்: பூண்டி மலைச்சாலை தரும் பாடங்கள்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வழியாகப் பூண்டிக்குச் செல்லும் மேல்பழனி மலைச்சாலையில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி ஓடும் ஜீப், பிக்கப் வண்டிகள் பலவற்றில், எஞ்சினின் ஓரத்தில் எந்த வேலையுமின்றி ஒரு குழாய் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சினின் வெப்பத்தை ஏந்திச் சென்று ரேடியேட்டரில் விடுகிற, துருத்தடுப்பு மருந்து கலந்த நீரே கூலண்ட் எனப்படுகிறது. அதில் ஒரு பகுதியை வண்டிக்குள் காற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கு அனுப்புவதற்காக விடப்பட்ட வழியே அந்த வாய். ஹீட்டர் இல்லாமலே விற்கப்பட்ட வண்டிகளிலும், ஹீட்டர் ஒழுகியதால் அதைக் கழற்றிவிட்ட வண்டிகளிலும் இது பயனற்று நிற்கிறது. ஒரு துண்டு ரப்பர் ஹோஸை அதில் மாட்டி, மறுமுனையில் ஒரு போல்ட்டைச் செருகி, இரு பக்கமும் கிளாம்ப் இறுக்கி ‘டம்மி’ போட்டுவிடுவது பட்டறைகளில் வழக்கமாக உள்ளது. சமவெளியில் இந்த ஏற்பாடு சில காலம் தாங்குகிறது. மலையிலோ ரப்பர் வெந்து இறுகி, கிளாம்ப் தளர்ந்து, பட்டறை எதுவும் அருகில் இல்லாத ஏற்றத்தில் கைவிடுகிறது. ஆகவே அந்த வாயில் மரை வெட்டி உலோக அடைப்பானைத் திருகுவதே நிலையான தீர்வாகும்.

மலையில் சிறிய ஒழுக்குகூடப் பெரிய கேடாவதற்குக் காரணம் காற்றழுத்தத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி, குக்கரின் வெயிட்டைப் போல, உள்ளே ஏறத்தாழ 0.9 பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தேக்கிவைப்பதால்தான் அந்த உயரத்திலும் வெறும் நீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. ஒழுகும் அடைப்பான் நீரோடு இந்த அழுத்தத்தையும் வெளியேற்றிவிடுகிறது. தெர்மோஸ்டாட், அதாவது சூடேறிய நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, பல எஞ்சின்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குவதால், அழுத்தம் போய்விட்டால் வழக்கமான வேலைச் சூட்டுக்கும் கொதிநிலைக்கும் இடையே சில டிகிரிகளே எஞ்சுகின்றன. முழுச் சுமையோடு முதல், இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்றும் குறைவு என்பதால், அந்தச் சில டிகிரிகள் ஒரே ஏற்றத்தில் தீர்ந்து, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டின் அடியிலுள்ள கேஸ்கட் கருகும் நிலை வரலாம்.

மரை வெட்டும் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன், அந்த வாய் உண்மையிலேயே பயனற்றதுதானா என்பதை உறுதிசெய்துகொள்வது முதற்பாடமாகும். சில எஞ்சின்களில் ஹீட்டர் வழி, தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் நீர் சுற்றிக்கொண்டிருப்பதற்கான பக்கவழியாகவும் அமைந்திருக்கும். அதை அடைத்தால் சூடான நீர் தெர்மோஸ்டாட்டைச் சென்றடையாமல், அது தாமதமாகத் திறந்து, ஹெட்டின் ஒரு பகுதி மட்டும் மிகையாகச் சூடேறும். 1989இல் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரின் எஞ்சின் இதற்குத் தக்க சான்றாகும். முன்சக்கர இயக்கக் கார்களுக்காக வடிவமைக்கப்பட்ட அந்த எஞ்சினில் நீர் ஹெட்டின் ஒரு முனையில் வெளியேறியது; எம்.எக்ஸ்.-5இல் வெளியேறும் வழி மறுமுனைக்கு, வண்டியின் முன்பக்கத்துக்கு, மாற்றப்பட்டதால் பின் சிலிண்டர்களைச் சுற்றி நீரோட்டம் குறைந்தது. எனவே, பந்தயத்துக்கு ஓட்டுவோர் பலர் பின்முனையில் மீண்டும் வழி திறந்து முன்வாயை அடைக்கின்றனர். எந்த வாயை அடைப்பது என்பது நீரோட்டம் முழுவதையும் அறிந்த பின்னரே முடிவாக வேண்டும் என்பதை இது காட்டுகிறது. வண்டியின் கையேட்டில் உள்ள நீரோட்டப் படம் ஐயத்தைத் தீர்க்கும். தீராவிடில், போகும் வாயையும் திரும்பும் வாயையும் வளைந்த ஹோஸ் ஒன்றால் இணைத்துவிடுவது, நீரோட்டத்தைக் கெடுக்காததும் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியதுமான வழியாகும். அந்த வாய் எஞ்சினின் மிக உயர்ந்த இடத்தில் இருந்தால், உள்ளே சிக்கும் காற்று வெளியேறுவதற்குச் சிறு திருகு கொண்ட அடைப்பானே ஏற்றது.

அடுத்ததாக மரையின் வகையையும் அடைப்பானின் உலோகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ப் பைப் கடைகளில் கிடைப்பவை பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரை கொண்டவை. அமெரிக்க முறையான என்.பி.டி. மரை தோற்றத்தில் இதை ஒத்திருந்தாலும், 3/8 அங்குல அளவில் பி.எஸ்.பி.க்கு அங்குலத்துக்கு 19 மரைகளும் என்.பி.டி.க்கு 18 மரைகளும் இருப்பதால், ஒன்றில் மற்றொன்றை முறுக்கினால் இரண்டும் கெடும். துளை ஏறத்தாழ 15 மி.மீ. இருந்தால் 3/8 அங்குல பி.எஸ்.பி. மரையும், 11.5 மி.மீ. அளவில் இருந்தால் 1/4 அங்குல மரையும் பொருந்தும். உலோகத்தைப் பொறுத்தவரை, வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு இரும்பு அல்லது பித்தளை அடைப்பான் போதுமானது. அலுமினிய ஹெட்டில், இயன்றவரை அலுமினிய அடைப்பானே நல்லது. ஏனெனில் 100 டிகிரி சூடேறும்போது ஒரு மீட்டர் அலுமினியம் ஏறத்தாழ 2.3 மி.மீ. நீள, இரும்பு 1.2 மி.மீ. மட்டுமே நீள்வதால், ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் சாலையில் அந்த வேறுபாடு மரையைத் தளர்த்துகிறது. பித்தளை விரிவதில் அலுமினியத்துக்கு நெருங்கியதுதான். ஆயினும் துருத்தடுப்பு மருந்து தீர்ந்துபோன நீரில் அது அலுமினியத்தை அரிக்கத் தூண்டும் என்பதால், கூலண்டைக் காலந்தவறாமல் மாற்றுவோர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

மரை வெட்டும் வேலையை எஞ்சின் நன்கு ஆறிய பிறகே தொடங்க வேண்டும். வாயின் மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலண்டை ஒரு தட்டத்தில் வடித்துக்கொள்வது அவசியம். இனிப்புச் சுவை கொண்ட எத்திலீன் கிளைக்கால் அதில் கலந்திருப்பதால், வாய்க்காலிலோ தோட்டத்து ஓரத்திலோ ஊற்றப்பட்டால் ஆடுமாடுகளும் நாய்களும் குடித்து இறக்க நேரிடும். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸைத் தடவினால் உலோகத் துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். தப்பி உள்ளே விழும் துகள்கள் வாட்டர் பம்பின் சீலைக் கீறவும் ரேடியேட்டரின் நுண்குழல்களை அடைக்கவும் கூடும் என்பதால், இந்த ஒரு முன்னெச்சரிக்கை பெருஞ்செலவைத் தவிர்க்கிறது. அலுமினியத்தில் மண்ணெண்ணெய் சிறிது விட்டு, டேப்பை நேராக நிறுத்தி, அரைச்சுற்று முன்னேறும்போதெல்லாம் கால்சுற்றுப் பின்வாங்கித் துகளை முறித்து, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்துப் புதுக் கிரீஸ் தடவுவதே சீரான முறையாகும்.

குழாய் மரை 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் குறுகிச் செல்லும் கூம்பு வடிவினதாகையால், எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதில் நிதானம் தேவை. மிகுதியாக வெட்டினால் அடைப்பான் இறுகாமல் உள்ளே போய்விடும். ஆகவே இடையிடையே அடைப்பானைக் கையால் திருகிப் பார்த்து, மூன்று நான்கு மரைகள் கையாலேயே ஏறும் நிலையில் நிறுத்திக்கொள்வது நல்லது. அதன்பின் மரையை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, கூலண்டையும் சூட்டையும் தாங்கும் மரை ஒட்டுப் பசையைப் பூசி, ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று முதல் இரண்டு சுற்றுவரை இறுக்கினால் போதும். கூம்பு அடைப்பான் ஆப்பு போலவே வேலை செய்வதால், ஒழுகிவிடுமோ என்ற அச்சத்தில் மேலும் முறுக்குவது அலுமினிய வாயைப் பிளந்துவிடும்.

பசை உலர்ந்தபின் உட்பகுதியைச் சுத்தமான நீரால் அலசி, நீர் கலக்காத கூலண்ட் மருந்தையும் கனிமம் நீக்கிய நீரையும் சம அளவில் கலந்து நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மேல்மலையில் உறைபனி விழுவதால் வெறும் நீர் அங்கு ஏற்றதன்று. உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும் நீர், ஓட்டமின்றி அடைப்பானுக்குப் பின்னே தேங்கிய சிறு இடத்தையும் விரிசலுறச் செய்யக்கூடும்; சமபங்குக் கலவையோ மைனஸ் 35 டிகிரியிலும் உறைவதில்லை. பிறகு சுமையின்றி அருகிலுள்ள ஏற்றம் ஒன்றில் வண்டியை ஓட்டி, எஞ்சின் ஆறியதும் அடைப்பானைச் சுற்றி ஈரமோ வெண்படலமோ உள்ளதா என்று பார்த்து, கூலண்ட் மட்டத்தைக் குறித்துவைத்து, அது குறையவில்லை என்பது சில நாள் ஓட்டத்தில் உறுதியான பின்னரே முழுச் சுமை ஏற்றுவது தகும். அடைப்பானின் அளவு, மரை வகை, பொருத்திய தேதி ஆகியவற்றை வண்டியின் பராமரிப்புக் குறிப்பில் எழுதிவைத்தால், அடுத்து அந்த எஞ்சினைத் தொடும் மெக்கானிக் தவறான மரையைத் திருகிக் கெடுக்க நேராது.