நாடுகாணி வீட்டின் இளமஞ்சள்: ஓர் இளம் வடிவமைப்பாளருக்குக் கடிதம்



நாடுகாணியில் எழும்பிவரும் ஒரு வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் இளமஞ்சளைப் பரிந்துரைக்கும் இளம் வடிவமைப்பாளரின் குறிப்பே இக்கடிதத்துக்குக் காரணம். பட்டி, பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன் ஆகியவை இருதரப்புக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடலாம். விட முடியாதது குறிப்பின் அடிப்படை வாதம். 1831இல் திறக்கப்பட்ட ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் வெளிச்சுவர் மஞ்சளாக இருப்பதைச் சுட்டி, இந்நிறம் நீலகிரிக்கே உரியது என அது முடிவுகட்டுகிறது. வானத்தின் ஒளியை நேரே வாங்கும் வெளிச்சுவரையும் நாற்புறமும் அடைபட்ட அறையின் உட்சுவரையும் ஒரே தராசில் நிறுத்துவது இத்தொழிலில் பொறுக்கத்தகாத பிழை. ஊட்டியின் வெயிலையும், கூடலூரைக் கடந்து கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் நாடுகாணியின் மழையிருட்டையும் ஒன்றாகக் கொள்வது அதனினும் பெரிய பிழை.

அண்டையிலுள்ள தேவாலா 'தென்னிந்தியாவின் சிரபுஞ்சி' எனப் பெயர் வாங்குமளவுக்கு மழை கொட்டும் இவ்வட்டாரத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை வீட்டுக்குள் நுழையும் வெளிச்சம் நிறம் மாறியே நுழைகிறது. ஒளியின் சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவில் எண் கூடக்கூட நீலம் கூடும். பழைய குண்டு பல்பு 2700ஐ ஒட்டி நிற்க, மேகம் மூடிய வானம் 6500ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையையும் ஏந்தி வருகிறது. இளையவர் தேர்ந்திருப்பதோ எலுமிச்சைச் சாயல் கொண்ட மஞ்சள். கடை விளக்கின்கீழ் நிற அட்டையில் இனிமையாகத் தெரிந்த அது, அந்த ஒளியில் பாசி பிடித்தாற்போல் பச்சையடிக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் தம் நிறத்தை ஒன்றன்மேல் ஒன்று வீசிக்கொள்வதால் அறைக்குள் நிறம் அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகும் என்பதும் கணக்கில் வரவில்லை. ஒரு படி வெளிர்ந்த, செம்மையை நோக்கிச் சாய்ந்த மஞ்சளே இங்குப் பொருந்தும்.

அத்தகைய மஞ்சள் காவி மண்ணில் உண்டு. இரும்பும் நீரும் கூடிய கோதைட் என்னும் கனிமத்தால் நிறம்பெற்ற அம்மண் ஒளியில் வெளுக்காது, சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் குடியேறிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், பொங்கலுக்கு முன் கிளிஞ்சலோ கல்லோ நீற்றிச் சுண்ணாம்பாக்கி, துணியில் வடித்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, ஒரு கை காவி கரைத்து மட்டையால் அடித்த காலம் ஒன்று இருந்தது. ஈரத்தில் அடிச்சுவர் தெரியக் கலங்கலாக நிற்கும் அப்பூச்சு, காயக்காய வெளுத்து மூடும். மட்டையின் கோடுகள் அதில் மெல்லப் புலப்படும். சுவரின் ஈரத்தை வெளியே விடுவதும், காரத்தன்மையால் பூஞ்சையை அண்டவிடாததும் அதன் சிறப்பு. ஈரம் ஏறிய சுவரில் எமல்ஷன் படலம் கொப்புளித்து உரிவதைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவர். உடையில் ஒட்டும் என்று இளையவர் சுண்ணாம்பை ஒரே வரியில் தள்ளியிருப்பது வருத்தத்துக்குரியது.

குறிப்பின் இறுதியில் 6500 கெல்வின் எல்.இ.டி. விளக்குகள் கேட்கப்பட்டுள்ளன. பகலில் மழைவானம் கெடுக்கும் மஞ்சளை இரவிலும் கெடுப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. 2700 முதல் 3000 வரையிலான விளக்குகளே இவ்வறைகளுக்கு வேண்டும்.

எனினும் ஜன்னலைப் பற்றிய பகுதி அபாரமானது. நிலைக்கும் சுவர்முகத்துக்கும் இடைப்பட்ட ஒன்பது அங்குலத் தடிப்பைச் சுவரைவிட ஒரு படி வெளிர்த்து, பளபளப்பில்லாத பூச்சில் விடும் முடிவு, வெளி வெளிச்சத்துக்கும் உள் இருளுக்கும் இடையே கண்ணுக்கு ஒரு படிக்கட்டு அமைத்துத் தருகிறது. இத்தொழிலில் முடி நரைத்தவர்களிலும் பலருக்கு வாய்க்காத பார்வை இது. இந்த ஒரு பத்திக்காகவே இளையவரை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஜன்னலை ஒட்டிய சுவரிலும் அதன் எதிர்ச்சுவரிலும் மூன்றடிச் சதுரங்களாக மாதிரி அடித்து, ஆடி மழையில் மாலை நான்கு மணிக்கு விளக்கேற்றாமலும் இரவில் விளக்கேற்றியும் பார்த்த பிறகே நிறம் முடிவாக வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால், சுவர் அதுவரை பிரைமரோடு நிற்கட்டும். புதுப்பூச்சு உள்ளூரக் காய்வதற்கும் அந்த மழைக்காலத்தில் அவ்வளவு அவகாசம் தேவைப்படுகிறது.