கோல் ஒன்று, பெயர் இரண்டு

திருமலையின் அடிவாரத்தில் அமைந்த நகரம் திருப்பதி. அங்கு எட்டாம் வகுப்புப் பயிலும் தோழியர் மூவர், கோடை விடுமுறையில் புதிய பயிற்சி ஒன்றில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருத்தி தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவள். மற்ற இருவரும் தெலுங்கு பேசுவோர். அவர்கள் சேர்ந்தது ஓட்டப் பயிற்சியும் அன்று. நீச்சல் பயிற்சியும் அன்று. 'கர்ர சாமு' எனப்படும் கோல் சுழற்றும் பயிற்சி அது. தெலுங்கில் 'கர்ர' என்பது கோலையும், 'சாமு' என்பது உடற்பயிற்சியையும் குறிக்கும்.

வெயில் ஏறுவதற்கு முன்பே திறந்தவெளித் திடலில் பயிற்சி தொடங்கிவிடும். முதல் மூன்று நாள்களும் பயிற்றுநர் எவர் கையிலும் கோலைத் தரவில்லை. முன்னே ஓரடி, பின்னே ஓரடி, பக்கவாட்டில் ஓரடி எனக் கால்களை மாற்றி வைக்க மட்டுமே பழக்கினார். மூவருக்கும் சலிப்பு உண்டாயிற்று. நான்காம் நாள் கோல்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தமிழ்ச் சிறுமி ஆவலுடன் ஓடிச் சென்று, குவியலில் இருந்தவற்றுள் மிக நீண்ட கோலை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றிலேயே அது அவளுடைய கணுக்காலைத் தாக்கியது. மறுபடியும் சுற்றினாள், கோல் கைநழுவி வீழ்ந்தது. தோழியர் சிரித்தனர். அவளும் உடன் சிரித்தாள். ஆனால், "இனி அங்கே போகமாட்டேன்" என்று வீட்டில் கூறிவிட்டாள்.

ஞாயிறன்று பெற்றோருடன் தொடர்வண்டியில் சித்தூருக்குச் சென்றாள். அங்கே அவளுடைய தாத்தா இருக்கிறார். பேத்தியின் வீங்கிய கணுக்காலைக் கண்டு காரணம் கேட்டார். அவள் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலுமாக நடந்ததைச் சொன்னாள்.

தாத்தா எழுந்து சென்று, பரணிலிருந்து பழைய மூங்கில் கோல் ஒன்றை எடுத்து வந்தார். "இதை நாங்கள் சிலம்பம் என்போம், கண்ணு" என்று கூறி, முற்றத்தில் நின்று ஒருமுறை சுழற்றினார். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் ஒலி எழுந்தது. 'சிலம்புதல்' என்றால் ஒலித்தல்; அதனால் இக்கலைக்குச் சிலம்பம் என்னும் பெயர் வந்தது என்பர்.

"நீ எடுத்த கோல் எவ்வளவு உயரம்?"

"என்னைவிட உயரம், தாத்தா."

"கோல் உன் நெற்றி அளவு இருந்தால் போதும். இன்னொன்று கேள். கோல் உன் காலைத் தேடி வரவில்லை; உன் கால்தான் கோலின் வழியில் நின்றுவிட்டது. கை சுழலும்போது காலும் இடம் மாற வேண்டும். அதற்காகத்தான் முதலில் காலடி பழக்குகிறார்கள்."

பிறகு காலடி, வீச்சு, தடுப்பு என்னும் சொற்களை ஒவ்வொன்றாகச் செய்து காட்டி விளக்கினார். அவள் அவற்றை ஏட்டில் எழுதினாள். வீட்டில் தமிழ் பேசும் அவள், தாத்தா வாயிலிருந்து கேட்ட சொற்களை எழுதியது அதுவே முதல்முறை. 'வீச்சு' என்னும் சொல்லை அவள் ஒற்றெழுத்தின்றி எழுதியிருந்தாள். தாத்தா அதைத் திருத்திக் கொடுத்தார்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கட மலையை வட எல்லையாகக் கூறுகிறது. எல்லைகள் காலந்தோறும் மாறின. 1911-இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்துடன் இணைந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எனினும், கோல் சுழற்றும் கலை எல்லையின் இருபுறமும் வாழ்கிறது. பிழைப்புக்காகக் கடல் கடந்த தமிழரோடு சென்ற சிலம்பம் இன்று மலேசியாவிலும் பயிலப்படுகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது.

மறுநாள் சிறுமி திடலுக்கு மீண்டும் சென்றாள். இம்முறை தன் நெற்றி அளவுள்ள கோலையே எடுத்தாள். 'காலடி' என்னும் சொல்லைத் தோழியருக்குச் சொன்னபோது ஒருத்தி வியந்தாள். "எங்கள் மொழியிலும் கால் என்பது காலுதான், அடி எடுத்து வைப்பது அடுகு" என்றாள். மற்றொருத்தி, "வீசுவதை நாங்கள் விசுரு என்போம்" என்றாள். தெலுங்கும் தமிழும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அவர்கள் பாடநூலில் படித்திருந்தனர். அன்று அதைத் தாங்களே கண்டனர்.

அன்றும் அவளுடைய கோல் இருமுறை கீழே வீழ்ந்தது. கணுக்காலில் மட்டும் ஒருமுறையும் படவில்லை.

அருஞ்சொற்பொருள்

அடிவாரம் – மலையின் கீழ்ப்பகுதி
திடல் – திறந்த வெளியிடம்
பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
பரண் – பொருள்களை வைக்கும் மேல்தட்டு
பாயிரம் – நூலின் முன்னுரை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பயிற்றுநர் முதல் மூன்று நாள்களும் கோலைத் தராததன் காரணம் யாது?
2. சிறுமியின் கணுக்காலில் அடிபட்டதற்குத் தாத்தா கூறிய காரணத்தை எழுதுக.
3. சிலம்பம் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

ஆ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
ஆவல், சலிப்பு, கைநழுவி, காலந்தோறும்

இ. செய்து அறிக.
உன் வீட்டுப் பெரியோரிடம் அவர்கள் இளமையில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிக. அதில் வழங்கும் ஐந்து சொற்களைத் தமிழில் எழுதுக. அவற்றுக்கு நிகரான சொற்கள் நீ வாழும் ஊரின் மொழியில் உள்ளனவா என நண்பரிடம் கேட்டு, அருகில் எழுதுக.