நேர முத்திரை
(பத்தாம் வகுப்பு மாணவி)

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தினர் கவனித்திருந்தனர். மறைப்புக்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. அந்த நேரத்தைக் குறித்தனர். பிற இடங்களில் குறித்த நேரங்களோடு ஒப்பிட்டபோது, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டெனத் தெரிந்தது!

கணினிக்கும் இக்குறிப்பு தேவை. நாம் அனுப்பும் செய்தி சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. தாமதம் நேர்ந்தது கணினிக்குள்ளா, வழியிலா? கடிதத்தில் தபால் முத்திரை விழுவதுபோல, பொட்டலம் கணினியை விட்டு வெளியேறும்போதும், மறுமுனையிலிருந்து ஒப்புகை வரும்போதும் நேரம் குறித்தால் விடை கிடைக்கும்.

முன்பு, செய்தி அனுப்பும் நிரலே இம்முத்திரையைக் கேட்க வேண்டும். 2025-இல் வெளிவந்த லினக்ஸ் 6.15 இயக்க முறைமையிலோ, அந்நிரலை மாற்றாமலே, வேறொரு சிறு நிரலை உள்ளே செலுத்தி, எப்பொட்டலத்துக்கு முத்திரை என்று தீர்மானிக்கலாம்.

தோழியரே, என்ன நடந்தது என்பதோடு எப்போது நடந்தது என்பதையும் குறித்தால்தான் காரணம் விளங்கும்.